பைப் தண்டில் திரும்பத் திரும்ப வரும் பச்சை நிறம்

உங்கள் தாத்தாவின் புகையிலை பைப்பில், வாயில் வைக்கும் தண்டு எவ்வளவு தேய்த்தாலும் பச்சையாகிறதே என்று கேட்டிருந்தீர்கள். அது அழுக்கு இல்லை. அதனால்தான் பற்பசை போட்டுத் தேய்த்த பிறகும் பச்சை திரும்ப வருகிறது. மேல்படலத்தை முழுவதும் எடுத்தால்தான் நிற்கும்.

அந்தக் காலத்துத் தண்டுகள் பெரும்பாலும் எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக வைத்த ரப்பர். வெளிச்சமும் ஈரமும் பட்டால் மேற்பரப்பு பழுப்பும் பச்சையுமாக மாறும், வாயில் வைத்தால் கசக்கும். பழைய எபோனைட் பேனாக்களுக்கும் இதே கதிதான். கும்பகோணம் வீட்டு முற்றத்து மாடத்தில் இருந்தது என்கிறீர்கள். கோடை வெயில், ஐப்பசிச் சாரல் இரண்டுமே இதற்கு ஆகாது.

ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் பழுப்பு ஏறி ரப்பர் வாடை அடித்தால் எபோனைட்தான். அக்ரிலிக் பிளாஸ்டிக் என்றால் இந்த வைத்தியமே வேண்டாம்.

1. தண்டை மெதுவாக முறுக்கிக் கழற்றுங்கள். பைப் சூடாக இருக்கும்போது கூடவே கூடாது.

2. பெயின்ட் கடையில் 600, 1000, 2000 எண் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) வாங்கி, தண்ணீர் தொட்டு அந்த வரிசையில் தேயுங்கள். 600-லேயே மங்கலான கறுப்பு தெரிய வேண்டும். பழுப்பு மிச்சமிருக்க அடுத்த தாளுக்குப் போகாதீர்கள். அப்புறம் பளபளப்புக்குப் பற்பசை.

பைப்பின் மரக்கட்டைக்குள் நுழையும் தண்டு முனையைத் தொடாதீர்கள், பிடிமானம் தளர்ந்துவிடும். கம்பெனி முத்திரை இருந்தால் அதன்மேல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். வெந்நீரில் மட்டும் போடவே வேண்டாம், வளைந்த தண்டு நிமிர்ந்துவிடும்.

கடைசியாகத் துளி மினரல் ஆயில் தடவித் துடைத்து, பீரோவுக்குள் வையுங்கள்.