ஜிபிஎஸ் கருவியில் வரைபட அப்டேட் பாதியிலேயே நிற்கிறது, என்ன செய்யலாம்?

அப்டேட் 70 சதவீதம் வரை ஓடி அப்படியே உறைந்துவிடுகிறது என்கிறீர்கள். பாதிவரை போகிறதென்றால் கேபிளில் தரவு போகிறது. கேபிள் தளர்வாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஹப் (பல கேபிள்களைச் செருகும் இணைப்புப் பெட்டி) வழியாக இல்லாமல் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். கணினி இடையில் ஸ்லீப்புக்குப் போகாமலும் இருக்க வேண்டும்.

என் சந்தேகமெல்லாம் கருவியின் நினைவகத்தில் உள்ள காலி இடத்தின் மேல்தான். பல கருவிகளில் புது வரைபடம் முழுதாக இறங்கும்வரை பழையதும் உள்ளேயே இருக்கும். அதனால் கருவியில் கொஞ்சம் இடம் காலியாகத் தெரிந்தாலும் போதாது. பயன்படுத்தாத குரல் மொழிகளை நீக்கிப் பாருங்கள். சேமித்த இடங்களை முதலில் கணினியில் நகலெடுத்து வைத்துவிடுங்கள், அவை போனால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

மெமரி கார்டு போட்டிருக்கிறீர்களா? அது ஃபேட்32 (FAT32) என்ற பழைய கோப்பு முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால், 4 ஜிபி அளவை எட்டும் ஒரே கோப்பை ஏற்காது. கார்டில் 20 ஜிபி காலியாக இருந்தாலும் இதே கதைதான். எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற புதிய முறைக்கு மாற்றலாம், ஆனால் பழைய கருவிகள் பலவற்றுக்கு அதைப் படிக்கத் தெரியாது. கையேட்டில் பார்த்துவிட்டு மாற்றுங்கள். இல்லையென்றால் முழு வரைபடத்துக்குப் பதிலாக உங்களுக்கு வேண்டிய பகுதியை மட்டும் இறக்குங்கள்.