செங்கல் சூளையில் முன்பணம் வாங்கியவர் கடன் தீராமல் வெளியேற முடியுமா?

முடியும். கடனைக் காட்டி இப்படிப் பிடித்துவைப்பதும் ஆள்கடத்தலோடு சேர்ந்ததுதான். ஆனால் ஆள்கடத்தல் என்றதும் வேனில் தூக்கிப்போவதைத்தான் நினைக்கிறோம். தமிழ்நாட்டில் எத்தனையோ இருளர் குடும்பங்களைச் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் இழுத்துப்போனது வெறும் முன்பணம்தான். மருத்துவத்துக்கோ கல்யாணத்துக்கோ வாங்கியிருப்பார்கள். கணக்கு நோட்டு முதலாளி கையில் இருக்கும். கூலியில் எவ்வளவு கழித்தாலும் கடன் குறையாது, ஊருக்குப் போகவும் விடமாட்டார்கள்.

1976-ஆம் ஆண்டு கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே ரத்து. ரத்தான கடனுக்கென்று பணம் வாங்கினால் முதலாளிக்கு 3 ஆண்டு வரை சிறை. மாட்டிக்கொண்டவர்களுக்கு இது தெரிவதில்லை என்பதுதான் கொடுமை.

சரி, இப்படி நடப்பதைப் பார்த்தவர் என்ன செய்யலாம்? மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். குழந்தைகள் இருந்தால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐயும் அழையுங்கள். மீட்டதும் விடுதலைச் சான்றிதழை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். மறுவாழ்வு உதவிக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள்.