ராப்போஜனத்துக்கு முன்னாடி எழுந்து போறவர்

(வாசகர் ஒருத்தர் எழுதுனது. பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்டார். கொஞ்சம் சுருக்கியிருக்கேன், வேற எதையும் மாத்தல. ராப்போஜனம்னா சபைல அப்பமும் பாத்திரத்துல திராட்ச ரசமும் பகிர்ந்து வாங்குறது, திருவிருந்துன்னும் சொல்வாங்க.)

அக்கா, ஸ்தோத்திரம்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஒரு வெள்ளிப் பட்டறைல கொலுசு வேலை செய்றேன், வயசு 39. நீங்க ஏற்காட்டப் பத்தி எழுதுறத எல்லாம் படிப்பேன், சாமி விஷயம் நீங்க அதிகமா எழுத மாட்டீங்க, அதனாலயே உங்ககிட்ட கேக்கலாம்னு தோணுச்சு.

பதினாறு வருசமா குடி. போன வருசம் ஒரு உபவாசக் கூட்டத்துல ஜெபம் பண்ணி விட்டுட்டேன், விட்டேன்னா சுத்தமா விட்டேன், சபைல எல்லார் முன்னாடியும் நின்னு சாட்சி சொன்னேன், கை தட்டுனாங்க, என் மனைவி அழுதாங்க. எட்டு மாசம் நல்லா இருந்தேன். அப்புறம் பட்டறைல கூலி பாக்கில ஒரு தகராறு, அன்னிக்கு சாயங்காலம் விழுந்துட்டேன். இப்ப பழையபடி ஆயிட்டேன். அவங்க நகையையும் ஒண்ணு அடகு வச்சுட்டேன்.

சபைக்கு இன்னும் போறேன், கடைசி பெஞ்சு. ராப்போஜனம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எழுந்து வெளிய வந்துடுவேன். அபாத்திரமா வாங்குனா ஆக்கினைத்தீர்ப்புன்னு வசனம் இருக்கே. வெள்ளிய புடம் போடுற மாதிரி கர்த்தர் புடம் போடுறார்னு பிரசங்கத்துல சொல்றாங்க, என்ன எத்தன தடவ உருக்குனாலும் செம்பு தான்க்கா மிஞ்சுது. கிருபைக்கு ஒரு அளவு இருக்கா? என்னைய மாதிரி ஆளுக்கு அது தீந்து போயிருக்குமா?

*

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்து பத்து நாளாச்சு, மேல மழை, கரண்ட் வர்றதும் போறதுமா இருந்துச்சு, ஆனா லேட்டுக்கு அது காரணம் இல்ல. உங்க கடிதத்துல ஒரு வரி எங்கப்பாவ கொண்டாந்து முன்னாடி உக்கார வச்சிருச்சு, அவரைப் பத்தி எழுதலாமா வேணாமான்னு தான் இத்தன நாளா யோசன.

மொதல்ல அந்த வசனம், அபாத்திரமா, அதாவது தகுதியில்லாம, வாங்குனா தண்டனைத் தீர்ப்புன்னு சொல்றது. ஒன்று கொரிந்தியர் 11, அப்போஸ்தலர் பவுல் கொரிந்து ஊர் சபைக்கு எழுதுன கடிதம். பைபிள எடுத்து 27ஆம் வசனத்த மட்டும் படிக்காதீங்க, 17ல இருந்து படிங்க. கொரிந்து ஊர் சபைல என்ன நடந்துச்சுன்னா, அப்பல்லாம் ராப்போஜனம்னா இப்ப மாதிரி துண்டு அப்பமும் சின்ன கப்பும் இல்ல, ஒரு வீட்டுல கூடி உக்காந்து நெஜமாவே சாப்பிடுறது, வசதியானவங்க சீக்கிரம் வந்து கொண்டாந்தத சாப்பிட்டு முடிச்சிடுவாங்க, இல்லாதவங்க வர்றப்ப ஒண்ணும் இருக்காது. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்"னு பவுல் எழுதுறாரு பாருங்க, 21ஆம் வசனம், வெறின்னா குடிவெறி தான். அந்த கோவத்துல தான் அபாத்திரமாய்ங்கற வார்த்தை வருது. அபாத்திரமான ஆளு வாங்குனான்னு எழுதல, அபாத்திரமாய் வாங்குனான்னு எழுதுறாரு. அவர் சொல்றது வாங்குற விதம், ஆளோட தகுதி இல்ல. பக்கத்துல ஒருத்தன் பசியோட நிக்கிறப்ப அவன பாக்காமலே வாயில போட்டுக்கறது தான் அந்த விதம். கடைசில அவர் சொல்ற தீர்வையும் பாருங்க, குடிச்சவன வெளிய அனுப்புங்கன்னு சொல்லல, "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்"னு தான் முடிக்கிறாரு.

28ஆவது வசனம், இத நான் நாப்பது வயசுக்கு மேல தான் ஒழுங்கா படிச்சேன், தன்னைத்தானே சோதித்தறிந்து இந்த அப்பத்தில் புசிக்கக்கடவன்னு இருக்கு. சோதிச்சுப் பாத்துட்டு எழுந்து போன்னு இல்ல, சோதிச்சுப் பாத்துட்டு சாப்பிடு. நீங்க முதல் பாதிய கடைசி பெஞ்சுல உக்காந்து ஒழுங்கா செய்றீங்க, ரெண்டாவது பாதி வர்றப்ப செருப்ப மாட்டிட்டு கிளம்பிடுறீங்க.

சேலத்துல நாலு ரோடு குழந்தை இயேசு பேராலயத்துக்கு நான் காலேஜ் படிக்கிறப்ப ஒரு ஆர்.சி. சிநேகிதியோட போவேன், எனக்கு அந்த பூசைல ஒண்ணு ரொம்ப ஆச்சரியமா இருக்கும், நற்கருணை, ராப்போஜனத்துக்கு அவங்க சொல்ற பேரு, அத வாங்கப் போறதுக்கு சரியா முன்னாடி மொத்தக் கோயிலும் நான் தகுதியில்லாத ஆளுன்னு சத்தமா சொல்லும், சொல்லி முடிச்ச உடனே அத்தன பேரும் வரிசைல போய் நிப்பாங்க. அந்த ரோமாபுரி நூற்றுக்கு அதிபதி, நூறு படைவீரருக்குத் தலைவன், இயேசுகிட்ட சொன்னது, மத்தேயு 8, "நான் பாத்திரன் அல்ல". எங்க சபைல தகுதி இல்லைன்னு தோணுனா வெளிய போவாங்க, இவங்க தகுதி இல்லைன்னு சொல்லிட்டே முன்னாடி போறாங்களேன்னு இருக்கும்.

அப்புறம் இயேசு பிடிபட்ட ராத்திரி நடந்த முதல் ராப்போஜனத்துக்கு வந்தவங்க லிஸ்ட்ட பாருங்க. காட்டிக்கொடுக்கப் போறவன் கை என்னோட பந்தியில இருக்குன்னு லூக்கா எழுதுன சுவிசேஷத்துல இயேசுவே சொல்றாரு, அப்பத்தையும் பாத்திரத்தையும் கொடுத்த பிறகு சொல்றாரு. பேதுரு விடியறதுக்குள்ள மூணு தடவ எனக்கு அவரைத் தெரியாதுன்னுட்டான். மிச்சம் இருந்தவங்க தோட்டத்துல விட்டுட்டு ஓடிட்டாங்க. இது எல்லாம் அவருக்கு முன்னாடியே தெரியும், தெரிஞ்சே தான் பிட்டுக் குடுக்கிறாரு.

இப்ப எங்கப்பா. அவரு எஸ்டேட்டுல ரைட்டர், என்னைய மாதிரி ரைட்டர் இல்ல, ஆள் கணக்கு எழுதி, சாயங்காலம் பறிச்ச காப்பிப் பழத்த நிறுத்து, யாருக்கு எவ்வளவு கூலின்னு போடுற ரைட்டர். நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் பழ சீசன், அந்த மூணு மாசம் ராத்திரி எட்டு வரைக்கும் தராசுகிட்டயே நிப்பாரு. கணக்குல ஒரு பைசா தப்பாது, ஆனா சம்பள நாள் ராத்திரி மட்டும் வீட்டுக்கு யார் தோள்லயாவது தான் வருவாரு. சபைல ரெண்டு தடவ எச்சரிச்சாங்க, மூணாவது தடவ திருவிருந்துல இருந்து நிறுத்தி வச்சுட்டாங்க. அப்ப எனக்கு ஒம்போது வயசு. மாசத்துல முதல் ஞாயிறு பிரசங்கம் முடிஞ்ச உடனே அப்பா எழுந்து வெளிய போய் காம்பவுண்டுக்குள்ள ஒரு சில்வர் ஓக் மரத்தடில நிப்பாரு, மிளகுக்கொடி ஏறுன மரம், அந்தக் கொடிய விரல்ல சுத்திக்கிட்டு நிப்பாரு. எனக்கு அவமானமா இருக்கும். அவரு மேல கோவம், கமிட்டி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, சரியா தான் செஞ்சாங்கன்னு நினைச்சேன்.

அம்மா என்ன பண்ணுவாங்கன்னா, கைல வாங்குன அப்பத்துல பாதிய வாயில போட்டுட்டு மீதிய முந்தானைல முடிஞ்சுக்குவாங்க. ஆராதனை முடிஞ்சு மரத்தடிக்குப் போய் முடிச்ச அவுத்து அவர் கைல குடுப்பாங்க. முதல் தடவ அவரு வாங்கல, கீழ விழுந்துச்சு, எறும்பு மொச்சிருச்சு. அடுத்த மாசமும் அம்மா கொண்டு போனாங்க. மூணாவதோ நாலாவதோ மாசம் வாங்கிக்கிட்டாரு. போதகர் ஐயா ஜன்னல் வழியா பாத்துட்டார்னு அம்மாவுக்குத் தெரியும், அவரும் ஒண்ணும் கேக்கல.

உடனே அப்பா குடிய விட்டாரான்னு கேப்பீங்க. விடல தம்பி. குறைஞ்சுச்சு, கூடுச்சு, நடுவுல ரெண்டு வருசம் இல்லாம இருந்துச்சு, திரும்ப வந்துச்சு, அதோட தான் போனாரு. இத சாட்சியா எந்த சபைலயும் சொல்ல முடியாது, ஏன்னா சாட்சின்னா நமக்கு பத்து நிமிசத்துல முடியணும், முன்னாடி இருட்டு பின்னாடி வெளிச்சம். ஜான் நியூட்டன்னு ஒருத்தர், கிருபைன்னாலே உலகம் முழுக்க பாடுற அந்த அமேசிங் கிரேஸ்ங்கற இங்கிலீஷ் பாட்ட எழுதுனவர், அடிமை வியாபாரியா இருந்து புயல்ல மனந்திரும்புனார்னு எல்லா பிரசங்கத்துலயும் வரும். புயல் அடிச்சது 1748ல. அதுக்கப்புறம் தான் அவரு அடிமைக் கப்பலுக்கு கேப்டனே ஆனாரு, 1754 வரைக்கும் ஓட்டுனாரு, நின்னதும் உடம்புக்கு முடியாம தான். அந்த வியாபாரம் பாவம்னு வெளிப்படையா புத்தகம் போட்டது 1788ல, நாப்பது வருசம் கழிச்சு. இந்த நாப்பது வருசத்த யாரும் பிரசங்கத்துல சொல்றதில்ல. நான் அவருக்கு வக்காலத்து வாங்கல, அந்தக் கப்பல்ல சங்கிலில கிடந்தவங்களுக்கு அவரோட மனந்திரும்புதல் ஒரு பிரயோஜனமும் இல்ல. ஆனா உங்க எட்டு மாசத்த பொய்யின்னு நினைக்காதீங்க, அது நெஜம், அதுக்கப்புறம் விழுந்ததும் நெஜம்.

அப்பாவுக்கு பைபிள்ல சுத்தமா பிடிக்காத கதை ஒண்ணு உண்டு, மத்தேயு 20, திராட்சத்தோட்ட கூலிக்காரங்க. விடியக்காலைல வந்தவனுக்கும் ஒரு பணம், வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கப்ப வந்தவனுக்கும் ஒரு பணம், அதுவும் கடைசில வந்தவனுக்கு முதல்ல குடுக்கறது, காலைல வந்தவன் பாத்துக்கிட்டே நிக்கிற மாதிரி. "இந்த மொதலாளிகிட்ட நான் ரைட்டரா இருந்தா மறுநாள் காலைல ஒரு ஆள் வேலைக்கு வரமாட்டான், எல்லாம் நாலு மணிக்கு மேல தான் வருவான்"ம்பாரு. அவர் சொன்னது நிர்வாகத்துக்கு சரி. ஆனா அந்த ஒரு பணம்ங்கறது அந்தக் காலத்துல ஒரு நாள் கூலி, அதுல தான் அன்னிக்கு வீட்டுல அடுப்பு எரியும். மணிக்கணக்கு போட்டா கடைசி ஆளுக்கு பன்னெண்டுல ஒரு பங்கு, அத வச்சு அவன் வீட்டுல யாரும் சாப்பிட முடியாது. அந்த மொதலாளி செஞ்ச வேலைய எண்ணல, சாப்பிட இருக்கற வாய எண்ணுறாரு. எங்கப்பா சாகற வரைக்கும் தன்ன காலைல வந்த ஆளாவே நினைச்சுக்கிட்டாரு, தராசு பிடிச்ச கை இல்லையா, தான் சாயங்காலம் வந்த ஆளுங்கறது அவருக்கு கடைசி வரை தோணவே இல்ல.

வெள்ளி, புடம்னு எழுதியிருந்தீங்க. பைபிள்ல மல்கியா புத்தகத்துல வர்ற வசனம். அதுக்கு ஒரு பிரசங்கக் கதை உண்டு, தட்டான் தன் முகம் வெள்ளில தெரியற வரைக்கும் உருக்கிட்டே இருப்பான்னு, நான் ஒரு இருவது தடவயாவது கேட்டிருப்பேன், அந்த வசனத்துல முகம்னு ஒண்ணுமே இல்ல. உங்க தொழில பத்தி உங்களுக்கு நான் சொல்றது அதிகப்பிரசங்கித்தனம், இருந்தாலும் ஒண்ணு கேக்குறேன், செம்பு கொஞ்சம் கூட இல்லாம கொலுசு செஞ்சா கால்ல நிக்குமா, வளைஞ்சு போயிடாதா? பட்டறைய கூட்டுன குப்பையக் கூட நீங்க யாரும் வெளிய கொட்டுறதில்ல, அதுல அராவுன பொடி கிடக்கும்னு சேத்து வச்சு கழுவி எடுக்கறாங்க. நீங்க குப்பைய பாக்கற கண்ணால உங்கள கொஞ்சம் பாருங்க.

இனிமே சொல்றது உங்களுக்குப் பிடிக்காம போகலாம்.

நகைய அடகு வச்சேன்னு ஒரு வரில எழுதிட்டு தாண்டிப் போயிட்டீங்க. கடிதம் முழுக்க உங்களுக்கும் கர்த்தருக்கும் நடுவுல உள்ள கணக்கு தான் இருக்கு. உங்க மனைவி அதுல ரெண்டே எடத்துல வர்றாங்க, ஒண்ணு அழறதுக்கு, ஒண்ணு நகைக்கு. ஊர ஏமாத்தி வரி வசூலிச்ச சகேயு வீட்டுக்கு இயேசு போனாரே, அவன் எதையும் திருப்பித் தர்றேன்னு சொல்றதுக்கு முன்னாடியே, இன்னைக்கு உன் வீட்டுல தான் தங்கணும்னுட்டாரு, அது கிருபை, சரி. ஆனா வீட்டுக்கு வந்தவர் முன்னாடி நின்னு அவன் பேசுனது பூரா பணத்தத் திருப்பிக் குடுக்கறதப் பத்தி, ஆஸ்தில பாதிய ஏழைங்களுக்கு குடுக்குறேன், அநியாயமா வாங்குனத நாலத்தனையா குடுக்குறேன்னு. கர்த்தர் மன்னிச்சுட்டார்னு சொல்லி அவங்களையும் மன்னிக்கச் சொல்லாதீங்க. எங்கம்மா அப்பம் கொண்டு போனது அவங்களா செஞ்சது, யாரும் அவங்கள செய்யச் சொல்லல, சொல்லியிருந்தா செஞ்சிருக்கக் கூடாதுன்னு தான் இன்னிக்கு சொல்வேன். சம்பள நாள் ராத்திரி அவங்க என்னையும் தம்பியையும் கூட்டிட்டு பக்கத்து லைன் வீட்டுல போய் படுத்ததும் எனக்கு ஞாபகம் இருக்கு. அதையும் அப்பத்தையும் சேத்து தான் நான் ஞாபகம் வச்சிருக்கேன்.

இன்னொண்ணு, குடிய ஒரே நாள்ல தனியா நிறுத்தப் பாக்காதீங்க, பல வருசம் குடிச்ச உடம்பு சட்டுனு நிறுத்துனா கை நடுக்கம், சிலருக்கு வலிப்பு கூட வரும், உசுருக்கே ஆபத்து. சேலம் ஜிஎச்சுல மனநலப் பிரிவு இருக்கு, ஓபி சீட்டு போட்டு போய் பாருங்க, மாத்திரை தர்றாங்க. மாத்திரை போட்டா விசுவாசம் குறைச்சல்னு சபைல யாராவது சொன்னா லூக்காவே வைத்தியர்னு சொல்லுங்க, கொலோசெயர்ல இருக்கு.

அப்புறம் உங்க சபைல பாத்திரத்துல குடுக்கறது ஒயினா திராட்ச ஜூஸான்னு பாஸ்டர்கிட்ட மொதல்லயே கேட்டுக்கங்க. ஒயின்னா அப்பம் மட்டும் வாங்கிட்டு பாத்திரத்த விட்டுடுங்க, அதுல தப்பே இல்ல. கடைசி பெஞ்சுல இருந்து நடந்து போறப்ப நாலு பேர் திரும்பிப் பாப்பாங்க, பாத்துட்டுப் போகட்டும்.

ஆனா அந்த ஞாயிறுக்கு முந்தி, சனிக்கிழமை ராத்திரியே, அந்த அடகுச் சீட்ட அவங்க கைல குடுத்துடுங்க. மீட்க காசு இல்லாட்டியும் பரவால்ல. எந்தக் கடைல இருக்குன்னாவது அவங்களுக்குத் தெரியுமா?

அன்புடன்,
அக்கா