கோல்ஃப் கேள்வி பதில்: முன்காலில் நின்று அடிக்கும் ஸ்விங்

இம்முறை வந்த கடிதங்களில் பல 'ஸ்டாக் அண்ட் டில்ட்' ஸ்விங்கைப் பற்றியவை. முன்கால் என்று நாம் எழுதுவது இலக்குப் பக்கம் இருக்கும் காலை. இடம், வலம் என்று வரும் இடங்களில் வலது கைக்காரரை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறோம். இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சனிக்கிழமைக் குழுவில் நான்கு பேர் 'ஸ்டாக் அண்ட் டில்ட்' முறைக்கு மாறிப் பார்க்கிறோம். என் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; குறைந்தால் நல்லது) 24. இடைத்தூர அடிக்கான 7ஆம் இலக்க அயர்ன் கிளப்பை எடுத்தால் பந்துக்கு முன் நிலத்தில்தான் இடிக்கிறது. இந்த முறை எனக்கு உதவுமா? எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், வெள்ளவத்தை

உதவும். சொல்லப்போனால் நீங்கள் எழுதியிருக்கும் குறைக்குத்தான் இது அதிகம் உதவும். அமெரிக்கப் பயிற்றுநர்களான மைக் பென்னட், அண்டி பிளம்மர் இருவரும் வகுத்த முறை. 2007ஆம் ஆண்டிலிருந்து பரவலாகப் பேசப்படுகிறது. வழக்கமான ஸ்விங்கில் கிளப்பைப் பின்னே எடுக்கும்போது உடல் எடை பின்காலுக்குப் போகும். அடிக்க வரும்போது முன்காலுக்குத் திரும்ப வேண்டும். கிழமைக்கு ஒரு நாள் ஆடுபவர்களுக்குப் பிசகுவது இந்த இடத்தில்தான். போன எடை நேரத்துக்குத் திரும்பி வராது. ஊஞ்சல் கட்டிய கிளைக்கு நேர் கீழேதான் பலகை நிலத்துக்கு மிகக் கிட்ட வரும். கிளை பின்னால் இருந்தால் தாழ்ந்த புள்ளியும் பின்னால்தான். உங்கள் எடை பின்காலில் தங்கிவிடுவதால் கிளப்பின் தாழ்ந்த புள்ளி பந்துக்குப் பின்னால் விழுகிறது. அயர்னில் அந்தப் புள்ளி பந்தைத் தாண்டி இலக்குப் பக்கம் மூன்று, நான்கு அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். எடையைப் பின்னே அனுப்பவே வேண்டாம், முன்காலிலேயே வைத்திருங்கள் என்பதுதான் இந்த முறையின் சாரம்.

செய்முறைக்கு வருவோம். 7ஆம் இலக்க அயர்னுடன் நிற்கும்போதே எடையில் 55 சதவீதம் முன்காலில் இருக்கட்டும். பந்து இரு பாதங்களுக்கும் நடுவில், அல்லது ஒரு பந்தளவு முன்னே. கைகள் பந்தைவிடச் சற்று முன்னே. பேக்ஸ்விங்கில் (கிளப்பைப் பின்னே எடுக்கும்போது) முன்தோள் கீழ்நோக்கித் திரும்ப வேண்டும். நாடிக்குக் கீழே போக வேண்டுமே தவிர நாடிக்கு எதிரே வரக்கூடாது. அதே நேரத்தில் பின்முழங்கால் நிமிர்கிறது, முன்முழங்கால் மடிகிறது. பின்முழங்கால் நிமிராவிட்டால் இடுப்புத் திரும்ப இடமில்லை. இடுப்புத் திரும்பாவிட்டால் தோளும் பாதியில் நின்றுவிடும். தலை இருந்த இடத்திலேயே இருக்கும். டவுன்ஸ்விங்கில் (அடிக்க வரும்போது) இடுப்பை இலக்குப் பக்கம் தள்ளி, பிட்டத்தை உள்ளே இறுக்கி எழும்புங்கள். பந்தைத் தொடும் கணத்தில் எடையில் ஏறக்குறைய 90 சதவீதம் முன்காலில் இருக்க வேண்டும்.

இனி, எங்கே பிழைக்கும்? முதலாவதும் மோசமானதும்: எடையை முன்னே வை என்றதும் நெஞ்சை இலக்குப் பக்கம் சரித்துவிட்டு, இடுப்பைப் பின்னே வழுக்க விடுவது. பார்வைக்கு முன்னே சாய்ந்தமாதிரி இருக்கும். எடையோ பின்காலில் கிடக்கும். அடிக்க வரும்போது உடல் பின்னே விழும், நிலத்தில் இடிப்பது கூடும். பிடிபடுவதும் சுலபம். கோல்ஃப் பையைப் பின் இடுப்புக்கு வெளியே நான்கு விரல் தள்ளி நிறுத்துங்கள். பேக்ஸ்விங்கில் இடுப்பு அதில் முட்டினால் நீங்கள் திரும்பவில்லை, வழுக்குகிறீர்கள்.

இரண்டாவது, பந்து கிளப்பின் கழுத்தில் பட்டு வலப்பக்கம் பாயும் ஷேங்க். எடை முன்காலின் விரல்களில் ஏறுவதால் கைகள் பந்துப் பக்கம் தள்ளப்படுகின்றன. முன்பாதத்தின் நடுவில் எடையை வையுங்கள். மூன்றாவது, புல் தரையில் ஆழமான குழி. எழும்ப வேண்டிய நேரத்தில் உடல் இறங்குகிறது என்று அர்த்தம். பிட்டத்தை இறுக்கி எழும்பும் பகுதியை விட்டுவிட்டீர்கள். கொழும்பில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் தரை ஊறியிருக்கும்போது இந்தக் குறை பெரிதாகத் தெரியும். ஆனி மாதத்தில் மாறத் தொடங்கியவர்கள் 'இந்த முறை மண் தோண்டுகிறது' என்று எழுதுவதற்கு அதுதான் காரணம்.

முதல் இரண்டு கிழமைக்கு முழு ஸ்விங் வேண்டாம். கை இடுப்பு உயரம் வரை போய், மறுபக்கம் இடுப்பு உயரத்தில் நிற்கட்டும். சிறிய துவாயை மடித்துப் பந்துக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி விரியுங்கள். துவாயைத் தொடாமல் பந்தை அடிக்க வேண்டும். பத்துப் பந்துக்கு எட்டு சுத்தமாக வந்தால் துவாயைப் பந்துப் பக்கம் இரண்டு அங்குலம் நகர்த்துங்கள். செயற்கைப் பாயில் பழகுபவர்கள் துவாயைக் கட்டாயம் வையுங்கள். பாயில் கிளப் முன்னரே இடித்தாலும் சறுக்கிப்போய்ப் பந்தை ஓரளவு நன்றாகவே தூக்கிவிடும். நீங்கள் சரியாக அடித்ததாக நினைத்துக்கொள்வீர்கள். அதே ஸ்விங் புல் தரையில் பாதித் தூரம்கூடப் போகாது.

மாறிய பிறகு அயர்ன்கள் அருமையாகப் போகின்றன. தூர அடிக்கான ட்ரைவர்தான் கெட்டுவிட்டது. பந்து உயரே எழும்பி, தூரம் போகாமல் விழுகிறது. சில நேரம் இடப்பக்கம் சுருண்டு போகிறது.
– வாசகர், கொட்டாஞ்சேனை

அயர்னில் உதவிய அதே கீழ்நோக்கிய அடிதான் ட்ரைவரில் கெடுக்கிறது. ட்ரைவரின் முகத்தைச் சரிவாகக் கீழே கொண்டுவந்து அடித்தால் பந்தில் பின்சுழற்சி கூடும். பந்து மேலே ஏறி, காற்றிலேயே வேகத்தை இழக்கும். மணிக்கு 90 மைல் வேகத்தில் வீசுபவருக்கு, 5 பாகை கீழ்நோக்கி அடிப்பதற்கும் 5 பாகை மேல்நோக்கி அடிப்பதற்கும் இடையே பந்து பறக்கும் தூரத்தில் சுமார் 20 யார் வித்தியாசம் வரும்.

மாற்ற வேண்டியவை மூன்று. பந்து முன்குதிகாலின் உட்பக்கத்துக்கு நேரே வரட்டும். பந்தை ஏந்தும் டீயை உயர்த்துங்கள், கிளப்பை நிலத்தில் வைத்தால் பந்தில் பாதி அதன் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். நிற்கும்போது பின்தோள் முன்தோளைவிடத் தாழ்ந்திருக்கட்டும். எடை சரிபாதியாக இருந்தால் போதும். இந்த நிலையில் தலை பந்துக்குப் பின்னால் வந்துவிடும், அதை அங்கேயே விடுங்கள்.

பந்து இடப்பக்கம் சுருள்வதற்குக் காரணம் வேறு. தாழ்ந்த புள்ளி முன்னே போகும்போது கிளப் பந்தை உள்ளிருந்து (உங்கள் பக்கமிருந்து) வெளிப்பக்கமாகச் சந்திக்கிறது. பந்து வலப்பக்கம் வளையும் பழைய ஸ்லைஸுக்காக மூடிப் பிடித்துப் பழகிய முகம் இப்போது அளவுக்கு மிஞ்சி மூடி, இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. பிடியில் இடது கையைக் கால் அங்குலம் இலக்குப் பக்கம் திருப்பிப் பாருங்கள். எம் கருத்தில், ட்ரைவரையும் இந்த முறைக்குள் இழுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. அயர்னுக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டு, ட்ரைவரைப் பழைய மாதிரியே அடிப்பதில் ஒரு குறையும் இல்லை.

ஸ்லைஸ் நிற்கும் என்று சொன்னார்கள். நிற்கவில்லையே?
– வாசகி, இராஜகிரிய

ஸ்லைஸில் இரண்டு வகை. பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் கிளப்பின் முகம் தீர்மானிக்கிறது. எந்தப் பக்கம் வளைகிறது என்பதை, முகமும் கிளப் வரும் பாதையும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது தீர்மானிக்கிறது. உங்கள் பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால், பாதை வெளியிலிருந்து உள்ளே வருகிறது. புதிய ஸ்விங் அதைத் திருத்தக்கூடும். கிளம்பும்போதே வலப்பக்கம் போய், மேலும் வலமாக வளைந்தால் முகம் திறந்து, வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. அதை எடை மாற்றம் திருத்தாது. பிடியைப் பாருங்கள்: நின்ற நிலையில் குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு அல்லது மூன்று விரல்மூட்டுகள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் காரணம் அங்கேதான் இருக்கிறது.

ட்ரைவரில் இன்னொன்றும் உண்டு. பந்து முகத்தில் தண்டை ஒட்டிய குதிப் பக்கம் பட்டால், ஸ்விங் எவ்வளவு நல்லதானாலும் வலப்பக்கம் வளையும். வைட்போர்ட் மார்க்கரால் பந்தின் பின்பக்கத்தில் தடித்த புள்ளி ஒன்று வைத்து அடியுங்கள்; மை முகத்தில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஈரத் துணியால் துடைத்து மறுபடி வையுங்கள். ஐந்து பந்திலேயே விடயம் தெரிந்துவிடும்.

வயது 58. கீழ் முதுகில் பழைய வலி உண்டு. இந்த முறையில் இறங்கலாமா?
– வாசகர், தெஹிவளை

முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். இதில் இடுப்பை முன்னே தள்ளி முதுகை நிமிர்த்தி முடிக்க வேண்டியிருப்பதால் கீழ் முதுகு வேலை செய்கிறது. மேலே சொன்ன நெஞ்சு சரியும் பிழையும் சேர்ந்தால் பாரம் இன்னும் கூடும். அனுமதி கிடைத்தால், பின்பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள், முக்கால் ஸ்விங்குடன் நிறுத்துங்கள், ஒரு தடவைக்கு 30 பந்துக்கு மேல் வேண்டாம். அடுத்த நாள் காலையில் வலி இருந்தால் விட்டுவிடுங்கள். இதைவிட நல்ல ஸ்விங் உங்களுக்கு வேறு இருக்கும்.

தொடர்மாடியில் இருக்கிறேன். கிழமை நாட்களில் பயிற்சித் திடலுக்குப் போக முடிவதில்லை. வீட்டில் என்ன செய்யலாம்?
– வாசகர், பம்பலப்பிட்டி

கிளப் இல்லாமலே வேலையில் பாதியை முடிக்கலாம்; மின்விசிறிக்குக் கீழே கிளப் வீசவே வேண்டாம். சுவரைப் பார்த்து நின்று, சின்னத் தலையணை ஒன்றை நெற்றிக்கும் சுவருக்கும் இடையே வைத்து, ஸ்விங்குக்கு நிற்பதுபோலக் குனியுங்கள். கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு பேக்ஸ்விங் திரும்புங்கள். தலையணை நழுவினால் தலை ஆடுகிறது. பிறகு சுவருக்கு முதுகு காட்டி நின்று, பின்பக்கம் சுவரில் தொடும்படி குனியுங்கள். பின்னே திரும்பும்போது பின் இடுப்புச் சுவரை அழுத்த வேண்டும்; அடிக்க வரும்போது முன் இடுப்பு அந்த இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டுமே சுவரை விட்டு விலகினால், திடலில் இடுப்புப் பந்தை நோக்கிப் பாயும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

திடலுக்குப் போகும் நாளில் கைத்தொலைபேசியைக் கை உயரத்தில் நிறுத்தி, எதிரே இருந்து ஒன்று, இலக்குக் கோட்டின் பின்னால் இருந்து ஒன்று என மெதுஅசைவில் படமெடுங்கள். உயரம் மாறினால் கோணம் மாறி, இல்லாத பிழை தெரியும்.

பிடியின் இறப்பரையும் கவனியுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையும் எண்ணெயும் படிந்து அது வழுக்கத் தொடங்கும். வழுக்கும் கிளப்பைக் கை இறுக்கிப் பிடிக்கும். முன்கை விறைத்தால் முகம் நேரத்துக்கு மூடாது. இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் கொண்டு மென்மையான தூரிகையால் கழுவி, துவாயால் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். கையுறை இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள்.

ஆட்டத்தின்போது திசை பார்க்க ஒரு கிளப்பை நிலத்தில் வைத்துக்கொள்ளலாமா? மாறும் காலத்தில் ஹேண்டிகேப் என்னவாகும்?
– வாசகர், பொரளை

கூடாது. காலடியை ஒழுங்குபடுத்த எந்தப் பொருளையும் நிலத்தில் வைக்க விதி 10.2 தடை சொல்கிறது. அதைப் பார்த்துக் காலடி வைத்துவிட்டால், அடிக்கும் முன் அகற்றினாலும் தண்டம் நீங்காது. மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு அடி தண்டம், குழிக்குக் குழி வெற்றியை எண்ணும் மெட்ச் பிளேயில் அந்தக் குழியே போய்விடும். பயிற்சிக் கோலை எடுத்து வீசிப் பார்ப்பதும் தவறு.

ஹேண்டிகேப்புக்குப் பயப்பட வேண்டாம். உலக ஹேண்டிகேப் முறையில் கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8 மட்டுமே கணக்கு. நான்கைந்து மோசமான சுற்றுகள் உடனே உங்களைத் தூக்கி எறியாது. ஏறினாலும், கடந்த ஓராண்டின் மிகக் குறைந்த எண்ணிலிருந்து 3 கூடியதும் அதற்கு மேலான ஏற்றம் பாதியாகும், 5க்கு மேல் ஏறவே விடாது. எனவே எண்ணைக் காப்பாற்றுவதற்காகச் சுற்றுகளைப் பதியாமல் விடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். 1879இல் தொடங்கிய ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தின் திடல், நடுவே களனிவெளி ரயில் ஓடும் திடல். அடுத்தடுத்துக் குழுக்கள் வந்துகொண்டிருக்கும். புதிய ஸ்விங்கை அங்கே ஒவ்வோர் அடிக்கும் மூன்று ஒத்திகையோடு பரீட்சிக்காதீர்கள். ஒரு ஒத்திகை, ஒரு அடி.

ஏப்ரலில் குழுவாக நுவரெலியா போகிறோம். புதிய ஸ்விங்கில் அங்கே ஏதாவது மாற்ற வேண்டுமா?
– வாசகர், வத்தளை

ஸ்விங்கில் ஒன்றும் இல்லை, கிளப் தெரிவில் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே காற்று ஐதானது. பந்து 6 முதல் 8 சதவீதம் வரை கூடப் பறக்கும். காலைக் குளிர் அதில் ஒரு பங்கைத் திரும்பப் பிடுங்கும். கொழும்பில் 130 யார் போகும் 7ஆம் இலக்கம் அங்கே 135 முதல் 139 வரை போகும் என்று வைத்துக்கொண்டு, முதல் இரண்டு குழிகளில் சரிபாருங்கள். அந்தத் திடல் ஒடுக்கம், இருபுறமும் மரம். ட்ரைவர் இன்னும் சுருண்டுகொண்டிருந்தால் பைக்குள்ளேயே இருக்கட்டும்; குழியின் முதல் அடிக்கு 5ஆம் இலக்க அயர்னை எடுங்கள்.