சுகர்பீட் போடலாமா? முதலில் ஆலையைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, 5 ஏக்கரில் கரும்பு வைத்திருக்கிறேன். கிணற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது. சுகர்பீட் 6 மாதத்தில் வந்துவிடும், உவர் நிலமும் தாங்கும் என்று சொல்லி ஒருவர் விதை தர முன்வருகிறார். அயர்லாந்தில் அரசாங்கமே கம்பெனி வைத்து இந்தப் பயிரை வளர்த்தது என்றும் சொன்னார். கரும்பை எடுத்துவிட்டு இதைப் போடலாமா?
– ஒரு கரும்பு விவசாயி, கள்ளக்குறிச்சி பக்கம்

பதில்: நண்பரே, பயிரைப் பற்றி அவர் சொன்னது பெரும்பாலும் சரிதான். இது சர்க்கரைவள்ளியும் இல்லை, சமையலுக்கு வாங்கும் சிவப்பு பீட்ரூட்டும் இல்லை. சர்க்கரை எடுப்பதற்காக வளர்க்கும், வெள்ளையாக, கூம்பு வடிவில் பருக்கும் கிழங்கு. கரும்பைவிட வயதும் தண்ணீரும் குறைவு. முளைத்து எழுந்த பிறகு உப்பை நன்றாகத் தாங்கும். தண்ணீர் தேங்கினால் மட்டும் கிழங்கு அழுகிவிடும். வெப்பமண்டல ரகங்களைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சோதித்துப் பார்த்திருக்கிறது. ஆனால் விளைந்ததை யார் வாங்குவார் என்று அவர் சொல்லவில்லையே. அயர்லாந்துக் கதையை முழுதாகக் கேட்டால் அந்தக் கேள்வி ஏன் முதலில் வரவேண்டும் என்று புரியும்.

அங்கே கார்லோ ஊரில் 1926-ல் பெல்ஜியம் நாட்டு முதலீட்டில் ஒரு பீட் ஆலை வந்தது. 1933-ல் அரசு சட்டம் போட்டு அதை எடுத்துக்கொண்டு, தேசிய சர்க்கரைக் கம்பெனியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே மாலோ, தர்லஸ், டூவம் என்று இன்னும் 3 ஆலைகள். நாட்டுக்கு வேண்டிய சர்க்கரை நாட்டிலேயே விளையவேண்டும், கிராமத்தில் வேலை கிடைக்கவேண்டும் என்பது அன்றைய அரசின் எண்ணம். விவசாயி விதைக்கும் முன்பே ஒப்பந்தம் ஆகிவிடும். ஆலையில் மண்ணைக் கழித்து எடை போட்டு, சர்க்கரைச் சத்தைப் பரிசோதித்துப் பணம் தருவார்கள். சக்கை மாட்டுத் தீவனமாகத் திரும்பி வரும்.

பாடு இல்லாமல் இல்லை. பழைய விதை ஒன்றிலிருந்து பல நாற்று முளைக்கும். முழங்காலில் சாக்கைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாகத் தவழ்ந்து நாற்றைக் கலைத்தார்கள். ஒற்றை முளை விதை வந்த பிறகுதான் அந்த வேலை ஒழிந்தது. அப்படி உழைத்துக் கற்ற பயிர் என்பதால்தான் அதன் முடிவு எனக்கு வலிக்கிறது.

டூவம் ஆலை 1980-களில் மூடப்பட்டது. ஈரமான, சிறு நிலங்கள் நிறைந்த மேற்குப் பகுதியில், வேலை கொடுப்பதற்காக வைத்த ஆலை அது. 1989-ல் தர்லஸ். 1991-ல் அரசு கம்பெனியைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோனது. கிரீன்கோர் என்று பெயர் மாறியது. 2005-ல் கார்லோவும் மூடியதும், நாடு முழுக்க விளைந்த கிழங்கு மாலோ ஒன்றுக்கே போனது. வெக்ஸ்போர்டு பக்கத்திலிருந்து ரயிலேற்றி அனுப்பினார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரையின் ஆதார விலையை 4 ஆண்டுகளில் 36% குறைக்க முடிவெடுத்தது. இவ்வளவு டன் சர்க்கரை செய்யலாம் என்று ஒதுக்கிய உற்பத்தி உரிமையைக் கைவிடும் கம்பெனிக்கு இழப்பீடும் அறிவித்தது. கிட்டத்தட்ட 2 லட்சம் டன் உரிமையைக் கம்பெனி ஒப்படைத்தது. 2006-ல் மாலோவும் மூடியது.

சுமார் 3,700 விவசாயிகளுக்கு அதன்பின் விதைக்கக் காரணமே இல்லை. நிலம் இருந்தது, கருவி இருந்தது, 80 ஆண்டுப் பழக்கம் இருந்தது. ஆனால் சர்க்கரைக்கு என்று கிழங்கு போடும் வழக்கம் ஒரே பருவத்தில் நின்றுபோனது. இழப்பீட்டில் யாருக்கு எவ்வளவு என்று கம்பெனிக்கும் விவசாயிகளுக்கும் நடந்த தகராறு தனிக் கதை. அந்த உரிமை விவசாயியின் உழைப்பில் வந்தது என்பதால், அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பேன்.

இப்போது உங்கள் வயலுக்கு வருவோம். உங்கள் பக்கத்துக் கரும்பு ஆலை இந்தக் கிழங்கை அப்படியே அரைக்க முடியாது. சீவி, வெந்நீரில் ஊறவைத்துச் சாறு எடுக்கத் தனி இயந்திரம் வேண்டும். கரும்புச் சக்கை கொதிகலனுக்கு எரிபொருளாகிவிடும். பீட் சக்கை ஆகாது, எரிபொருளை வெளியே வாங்கவேண்டும். வெட்டு உத்தரவு தாமதமானால் கரும்பை நிறுத்தி வைக்கிறீர்கள், மிஞ்சினால் வெல்லம் காய்ச்சுகிறீர்கள். பீட்டுக்கு அந்தப் போக்கிடம் இல்லை. நம் வெயிலில் பிடுங்கிப் போட்ட கிழங்கு சில நாட்களிலேயே சர்க்கரையை இழக்கும், அழுகவும் தொடங்கும்.

ஆகவே, கிழங்கை எடுத்துக்கொள்ளும் ஆலை, விலை, எடுக்கும் தேதி, லாரி வாடகை யாருடையது என்ற நான்கும் எழுத்தில் கைக்கு வரும்வரை கரும்பை எடுக்காதீர்கள். விதை விற்பவரின் வாய்ச்சொல் போதாது. தண்ணீர்தான் கவலை என்றால் சொட்டுநீரும் பரு நாற்று (கரணையின் ஒற்றைப் பருவிலிருந்து வளர்த்த நாற்று) நடவும் கரும்புக்கே செய்து பாருங்கள்.

ஆசை விடவில்லை என்றால் 5 சென்டில், வடிகால் நல்ல இடத்தில், மழை ஓய்ந்த பிறகு மேட்டுப் பாரில் போடுங்கள். மாடு இருந்தால் வீணாகாது. அயர்லாந்திலும் இன்று வயலில் நிற்பது தீவன பீட்தான். இலையை ஒரு நாள் வாடவிட்டே போடுங்கள். பச்சையாக நிறையத் தின்றால் அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கெடுதல் செய்யும். கிழங்கை மண் போகக் கழுவி, துண்டாக்கி, முதலில் ஓரிரு கிலோவில் ஆரம்பித்து, வைக்கோலோடு மெல்லக் கூட்டுங்கள். திடீரென்று அள்ளிப் போட்டால் மாட்டுக்கு வயிற்றில் புளிப்பேறிவிடும்.