முதல் முறையாக ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்கிறேன். புரொபோசலை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

கேட்டவர் ஒரு கலைக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் என்று குறிப்பிட்டிருக்கிறார். நானும் அப்படித்தான் தொடங்கினேன், வேதியியல் துறையில். எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

என் முதல் புரொபோசல் நிலத்தடி நீரிலிருந்து ஃப்ளூரைடை நீக்குவது பற்றியது. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளூரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் ஏற்கத்தக்கது, வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதனால் பள்ளிப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறியிருப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அந்த வேகத்தில் ஏழு நோக்கங்கள் எழுதிவிட்டேன்: ஃப்ளூரைடை உறிஞ்சும் புதுப் பொருள் தயாரிப்பதில் தொடங்கி, ஊருக்கு ஊர் வடிகட்டி நிறுவுவது வரை, எல்லாம் மூன்றே ஆண்டில். நிராகரித்துவிட்டார்கள். மதிப்பீட்டாளர் கேட்டிருந்த ஒரு கேள்வி இன்றும் மனப்பாடம்: "சோதனையெல்லாம் காய்ச்சி வடித்த நீரில் செய்திருக்கிறீர்கள். கிணற்று நீரில் பைகார்பனேட் இருக்குமே, அப்போது என்ன ஆகும்?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த விடுமுறையில் நான்கு ஊர்களுக்குப் போய் அடிபம்புத் தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டில்களில் பிடித்து வந்தேன். (ஃப்ளூரைடு கண்ணாடியோடு வினைபுரியும், அதனால் கண்ணாடி பாட்டில் கூடாது.) துறையில் இருந்த ஃப்ளூரைடு எலக்ட்ரோடை வைத்து அளந்தேன். காய்ச்சி வடித்த நீரில் அவ்வளவு நன்றாக வேலை செய்த பொருள், அந்தத் தண்ணீரில் பாதிகூட உறிஞ்சவில்லை. இரண்டாவது புரொபோசலில் முதல் படமாக இந்த இரண்டு நீரையும் ஒப்பிடும் வரைபடத்தைத்தான் வைத்தேன். நோக்கங்களும் மூன்றாகச் சுருங்கின. பைகார்பனேட் இருந்தாலும் உறிஞ்சும்படி பொருளை எப்படி மாற்றுவது, எத்தனை முறை கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம், ஃப்ளூரைடு ஏறிய கழிவை எங்கே கொட்டுவது. நிதி கிடைத்தது.

அதனால் எழுத உட்காருமுன் கையில் இருப்பதை வைத்து ஒரு சின்ன சோதனையாவது செய்து பாருங்கள். பிரச்சினை எவ்வளவு பெரியது என்று நான்கு பக்கம் விளக்க வேண்டாம், மதிப்பீட்டாளருக்கு அது தெரியும். இந்த வேலையை இவரால் செய்ய முடியுமா என்றுதான் அவர் தேடுகிறார்.

அடுத்தது பட்ஜெட். பெரும்பாலோர் கடைசி ராத்திரியில் சீனியரின் பழைய ஃபைலைப் பார்த்து நிரப்புவார்கள். திட்டத்தில் வேலை செய்யும் இளநிலை ஆய்வாளருக்கான (ஜேஆர்எஃப்) உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. பழைய 31,000-ஐப் போட்டு வந்த புரொபோசல்களை அதற்குப் பிறகும் பார்த்திருக்கிறேன். பட்ஜெட்டில் ஒவ்வொரு வரியும் செய்முறைப் பகுதியில் ஏதோ ஒரு வேலையோடு பொருந்த வேண்டும். பொருளின் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி போன்ற பெரிய கருவியை விலைக்குக் கேட்காதீர்கள். சென்னை ஐஐடியில் உள்ள சைஃப் போன்ற, வெளியாரும் பயன்படுத்தக்கூடிய ஆய்வுக் கருவி மையங்களில் மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. எத்தனை மாதிரி என்று எண்ணி, அந்தத் தொகையைப் போடுங்கள். நீங்கள் தினமும் தொடப்போகும் கருவி எதுவோ, அதை மட்டும் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள்.

எங்கே விண்ணப்பிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். அறிவியல் என்றால், ஆராய்ச்சிக்கு நிதி தரும் மத்திய அரசு அமைப்பான பழைய செர்ப் இருந்த இடத்தில் இப்போது ஏஎன்ஆர்எஃப் (அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை) இருக்கிறது. அதற்கான சட்டம் 2023-ல் வந்தது. சமூக அறிவியல் என்றால் ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்). திட்டத்தின் பெயர், வயது வரம்பு, பக்க வரம்பு எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும், அந்த ஆண்டு அறிவிப்பை வரிக்கு வரி படித்துவிடுங்கள்.

கல்லூரியின் ஒப்புதல் கடிதத்தை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். ஒரு முறை, முதல்வர் ஊரில் இல்லாத வாரத்தில் கடைசித் தேதி வந்தது. எழுதி முடித்திருந்த புரொபோசலோடு அலுவலக வாசலில் இரண்டு நாள் நின்றேன். அந்த ஆண்டு அனுப்பவே முடியவில்லை.