ஆங்கில வகுப்பில் டிஜிட்டல் விளையாட்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கும் நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு நான் ஆசிரியை. வாரந்தோறும் கஹூட் என்னும் இணையச் செயலியில் வினாடி வினா வைக்கிறேன், உற்சாகமாக விளையாடுகிறார்கள். ஆனால், அதே சொற்களைக் கொண்டு இரண்டு வாக்கியம் பேசச் சொன்னால் வாய் திறப்பதில்லை. விளையாட்டால் உண்மையில் பயன் உண்டா?

பதில்: பயன் உண்டு. ஆனால் நீங்கள் வைக்கும் விளையாட்டு, நீங்கள் எதிர்பார்க்கும் திறனைக் கேட்கவே இல்லை. கஹூட்டில் மாணவர் செய்வது, திரையில் உள்ள விடைகளில் சரியானதைக் கண்டுபிடித்து அதன் நிறத்தைத் தொடுவது மட்டுமே. படித்த சொல்லை மீண்டும் மீண்டும் நினைவுக்குக் கொண்டுவர அது நன்றாகவே உதவும். ஆயினும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அதில் முதலிடம் பெற்றுவிடலாம். கனடாவில் பல ஆண்டுகள் பிரெஞ்சு வழியாகவே பாடம் படித்த பிள்ளைகள், கேட்டதை நன்கு புரிந்துகொண்டபோதிலும் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகளிலிருந்து விடுபடாததைக் கவனித்த மொழி கற்றல் ஆய்வாளர் மெரில் ஸ்வெயின், பேச முயலும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பது கற்பவருக்கே புலப்படுகிறது என்று வாதிட்டார். உங்கள் வகுப்பில் நிகழ்வதும் அதுவே.

ஆகவே, பேசாமல் ஓர் அடிகூட நகர முடியாத விளையாட்டைத் தேடுங்கள். 2015-இல் வெளிவந்த ‘கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் ஒருவர் மட்டும் திரையில் வெடிகுண்டைப் பார்க்கிறார். அதைச் செயலிழக்கச் செய்யும் கையேடு மற்றவர்களிடம் இருக்கிறது. ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்க்கக் கூடாது. எத்தனை கம்பிகள், என்ன நிறம், வெடிகுண்டின் மீதுள்ள தொடர் எண்ணில் கடைசி இலக்கம் எது என்று முதலாமவர் சொல்லியாக வேண்டும். சிவப்புக் கம்பி இல்லையென்றால் இரண்டாவதை வெட்டு என்பது போன்ற விதியை மற்றவர்கள் படித்து, சரிபார்த்து, திருப்பிச் சொல்ல வேண்டும். நிபந்தனை வாக்கியம், ஏவல் வினை, வரிசை எண்கள், புரியாதபோது மறுபடி கேட்கும் முறை ஆகிய அனைத்தும் தேவை கருதியே வாயில் வந்துவிடுகின்றன. யாரும் இலக்கணப் பயிற்சி என்று சொல்லாமலேயே ஒரு மாணவர் அதே வாக்கிய அமைப்பைப் பலமுறை பயன்படுத்துகிறார். மொழி ஆசிரியர் விரும்பக்கூடியது இதைவிட வேறென்ன? கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் ஆங்கிலம் தொடக்கநிலையினருக்குக் கடினம் என்பதால் கம்பிகள் பற்றிய பக்கத்தை மட்டும் எளிய நடையில் நீங்களே மாற்றி எழுதிக் கொடுங்கள். போரின் பாதிப்பிலிருந்து வந்த பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் இந்த விளையாட்டை அறவே தவிர்த்துவிட்டு, ஒருவர் திரையைப் பார்க்க மற்றவர் வழிகாட்டும் ஏதேனும் ஒரு புதிர் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

கஹூட்டையும் கைவிட வேண்டியதில்லை. விரைவாகத் தொட்டவருக்கே கூடுதல் புள்ளி என்பது, விடை தெரிந்தும் ஆங்கிலத்தை மெதுவாகப் படிப்பவரைத் தண்டிக்கிறது. விடையளிக்கும் நேரத்தை நீட்டி, குழுவாக விளையாட வைத்து, விடையைத் தொடும் முன் அதற்கான காரணத்தை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள்.

கேள்வி: என் மகன் இணையத்தில் பிற நாட்டவருடன் மணிக்கணக்கில் விளையாடுகிறான். ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்கிறான். நம்பலாமா?

பதில்: ஓரளவுக்கு நம்பலாம். பதற்றம் குறைந்த சூழலில், புரியும் அளவிலான மொழியைக் கேட்டும் படித்தும் வருவது கற்றலுக்கு உதவும் என்று மொழி கற்றல் ஆய்வாளர் ஸ்டீபன் கிராஷன் நெடுங்காலமாக வலியுறுத்தியுள்ளார். கதையும் வசனமும் நிறைந்த விளையாட்டில் அது கிடைக்கும். சுட்டுத் தள்ளும் விளையாட்டின் அரட்டையில் கிடைப்பதோ பெரும்பாலும் சில குறுஞ்சொற்களும் வசைகளும்தான். ஆங்கில வசனவரிகளைத் திரையில் வரச் செய்யுங்கள். அறியாதவர்களுடன் பேசும் வசதியை அணைத்து, தெரிந்த நண்பர்களுடன் மட்டும் ஆடச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வகுப்பில் நான்கு பேருக்கு ஒரு கருவிதான் இருக்கிறது. பாடவேளையும் குறைவு. எப்படிச் சமாளிப்பது?

பதில்: மொழி வகுப்பைப் பொறுத்தவரை இது குறையே அல்ல. ஆளுக்கொரு கருவி கொடுத்தால் அனைவரும் மௌனமாகிவிடுவார்கள். ஒன்றைப் பகிர்ந்தால் ஒருவர் விரலை அசைக்க, மற்றவர்கள் எங்கே போவது, எதை எடுப்பது என்று ஆங்கிலத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும். தாய்மொழிக்கு மாறுவார்கள்தான், அதனால் விளையாட்டுக்கு முன்பே தேவையான ஆறேழு தொடர்களைக் கரும்பலகையில் எழுதி, வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். பாடவேளையில் மூன்றில் ஒரு பங்கு விளையாட்டுக்குப் போதும். எஞ்சிய நேரத்தில், நடந்ததைப் பக்கத்துக் குழுவிடம் விவரிக்கச் சொல்லுங்கள்: எங்கே தோற்றோம், யார் என்ன யோசனை சொன்னார், அடுத்த முறை என்ன செய்வோம். இறந்தகாலமும் எதிர்காலமும் அங்கே இயல்பாகப் புழங்கும். அவர்கள் பேசும்போது திருத்தாமல் பிழைகளைக் குறித்துக்கொண்டு, அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் யாருடைய பெயரையும் சொல்லாமல் எடுத்துக்காட்டித் திருத்துங்கள்.